கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் தொடும் முன் வேக்கம் டியூபைப் பாருங்கள்

பழைய பெட்ரோல் வண்டி ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, ஓடாமல் ஆஃப் ஆகிறது என்றால் நம் ஊரில் முதலில் கை போவது கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்குத்தான். கால் திருப்பு உள்ளே, அரைத் திருப்பு வெளியே, வண்டி எப்படியோ ஓட ஆரம்பித்துவிடும். மறுநாள் காலையில் மறுபடி அதே கதை. அப்புறம் கார்புரேட்டர் சர்வீஸ் என்பார்கள், அதற்கும் அடங்காவிட்டால் கார்புரேட்டரையே மாற்று என்பார்கள். அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பகுதி போதும், எஞ்சினில் இருக்கிற மொத்த ரப்பர் டியூபையும் புதிதாகப் போட்டுவிடலாம். பாதி நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும்.

என்னுடையது கான்டஸா கிளாசிக், 1.8 பெட்ரோல். 1984இல் வந்து 2002இல் தயாரிப்பு நின்றுபோன மாடல்; பின்னால் வந்தவற்றில் இசுசு எஞ்சின், 1817 சிசி. காரைக்குடியில் பழைய மரச்சாமான் பழுது பார்ப்பது என் தொழில். அப்படி வேலைக்குப் போன இடத்தில், கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் நின்ற வண்டி இது. வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், கல்யாணம் காட்சி என்றால்தான் கதவைத் திறப்பார்கள். செட்டிநாட்டில் இப்படி நிற்கிற வண்டிகள் நிறைய உண்டு. வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும், சீட்டு கிழிந்திருக்காது, ஆனால் பானெட்டைத் திறந்தால் ரப்பர் என்று பெயர் சொல்லக்கூடிய எதுவும் ரப்பராக இருக்காது. பாதி முறுக்கு மாதிரி நொறுங்கும், மீதியை எலி தின்றிருக்கும்.

கீழே சொல்வது கான்டஸாவை வைத்துத்தான். அம்பாசடர், பழைய மாருதி 800, ஜிப்ஸி எதுவானாலும் முறை ஒன்றேதான். டியூபின் எண்ணிக்கையும் போகும் வழியும்தான் மாறும்.

எதற்கு இந்த டியூப்கள்

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது கார்புரேட்டரின் த்ராட்டில் தட்டு வழியை அடைத்திருப்பதால் கேட்ட அளவு காற்று கிடைக்காது. அதனால் மேனிஃபோல்டுக்குள், அதாவது கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகிற குழாய்க்குள், அழுத்தம் வெளிக்காற்றைவிட வெகுவாகக் குறையும். அந்த இழுப்புதான் வேக்கம். நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது வேக்கம் கேஜ் வைத்துப் பார்த்தால் 17 முதல் 21 இன்ச் பாதரசம் வரை காட்டும், முள் ஆடாமல் நிற்கும். நம் பக்கம் தாழ்ந்த பூமி, அதனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் வைத்துப் பார்ப்பவர்கள் ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு இன்ச் வீதம் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இழுப்பை வண்டி சும்மா விடுவதில்லை. பிரேக் மிதியை இலகுவாக்குகிற பிரேக் பூஸ்டருக்கு ஒரு தடித்த ஓஸ் போகிறது. டெல்கோவின் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துத் தருகிற டிஸ்ட்ரிப்யூட்டர்) பக்கவாட்டில் தட்டையாக ஒரு டப்பா இருக்கிறதே, அதற்கு ஒரு மெல்லிய டியூப். டாப்பெட் கவரிலிருந்து, எஞ்சினுக்குள் சேருகிற ஆவியை வெளியேற்றுகிற பிசிவி வால்வு வழியாக மேனிஃபோல்டுக்கு ஒரு நடுத்தர ஓஸ். ஏசி வண்டி என்றால் கம்ப்ரஸர் ஓடும்போது ஐடிலிங்கைத் தூக்கிப் பிடிக்க ஒரு டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு), அதற்கு ஒரு டியூப், நடுவில் கரண்டில் திறக்கிற ஒரு வால்வு. பெரும்பாலான கார்புரேட்டர் வண்டிகளில் இவ்வளவுதான்.

டெல்கோ டியூபைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அடைத்து டம்மி போடுவது இதைத்தான். சமதளத்தில் லேசாக மிதித்துக்கொண்டு ஒரே சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் போகிற கலவை குறைவு. குறைந்த கலவை மெதுவாக எரியும். மெதுவாக எரிவதற்கு ஸ்பார்க் கொஞ்சம் முன்னாலேயே விழ வேண்டும். அந்த வேலையைத்தான் டெல்கோ பக்கத்து டப்பா செய்கிறது: வேக்கம் கூடினால் உள்ளே இருக்கிற தட்டைத் திருப்பி டைமிங்கை முன்னே கொண்டுபோகும். அதை அடைத்துவிட்டால் வண்டி நிற்காது, ஓடும். ஆனால் பெட்ரோல் கூடக் குடிக்கும், நீண்ட ஓட்டத்தில் சூடேறும், லேசான மிதியில் பிக்கப் மந்தமாக இருக்கும். என் வண்டியில் முன்பு கைவைத்த யாரோ அந்த டியூபை அறுத்துவிட்டு, டியூப் மாட்டுகிற குழாய் முனையான நிப்பிளில் ஒரு செல்ஃப் ஸ்க்ரூவை முடுக்கியிருந்தார்கள். வண்டி ஓடியதால் யாரும் கேட்கவில்லை.

ஏர் லீக்கின் அடையாளம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கிற காற்றே கொஞ்சம். அதில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வருகிற கள்ளக்காற்று பெரிய பங்கு. வேகமெடுத்தால் அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. ஆகவே நின்றால் நடுங்கும், ஆர்பிஎம் ஏறி இறங்கும், ஆஃப் ஆகும், ஆனால் ரோட்டில் நன்றாகப் போகும் என்றால் முதலில் ஏர் லீக்கைச் சந்தேகியுங்கள். ரோட்டிலும் இழுக்கவில்லை என்றால் வேறு எங்காவது பாருங்கள்.

கழற்றும் முன்

ஒன்றையும் கழற்றாதீர்கள். போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடியுங்கள். அது போதாது, ஒரு தாளில் வரையவும் வேண்டும். படத்தில் டியூபுக்குப் பின்னால் போகிற டியூப் தெரியாது. வரையும்போதுதான் இது எங்கே போகிறது என்று விரலை வைத்துத் தேடுவோம். பேப்பர் டேப்பைக் கிழித்து ஒவ்வொரு டியூபின் இரு முனையிலும் ஒட்டி எண் போடுங்கள், நிப்பிளிலும் அதே எண். கம்பெனி பானெட்டுக்கு அடியில் ஒட்டிய படம் உங்கள் வண்டியில் பிழைத்திருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வண்டியில் இப்போது இருக்கிற இணைப்பு சரியானதுதான் என்று நம்பக்கூடாது. டம்மி போட்ட நிப்பிள், எங்கும் போகாத டியூப், இரண்டு வேலைக்கு ஒரே டீ (T வடிவ இணைப்பு) என்று எல்லாம் இருக்கும். சந்தேகமானதை வட்டம் போட்டு வையுங்கள்.

பிறகு எஞ்சினைச் சூடாக்கி ஐடிலிங்கில் விட்டுச் சோதிக்க வேண்டும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், டயருக்கு முன்னும் பின்னும் கல். தோளில் துண்டு வேண்டாம், வேட்டியும் வேண்டாம், ஃபேன் பெல்ட்டுக்குத் தராதரம் தெரியாது. ஒரு முழ நீளத்துக்கு எந்த ரப்பர் டியூபாவது எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டுபோங்கள். லீக் இருக்கிற இடத்தில் உஸ் என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். அடுத்து, மூக்கு பிளையரின் வாயில் துணி சுற்றி ஒவ்வொரு டியூபையும் மெல்ல நசுக்குங்கள். எதை நசுக்கும்போது எஞ்சின் நிதானமாகிறதோ அந்த டியூப் பாதையில்தான் லீக். பிசிவி ஓஸை நசுக்கினால் நல்ல வண்டியிலும் ஐடிலிங் கொஞ்சம் மாறும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில் இருக்கிறதல்லவா, கார்புரேட்டர் அடி பேக்கிங்கையும் மேனிஃபோல்டு பேக்கிங்கையும் பார்க்க அது போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சுங்கள். தண்ணீர் ஓட்டையை மூடுகிற நொடியில் எஞ்சின் சத்தம் மாறும். டெல்கோ மூடியிலும் பிளக் வயரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் வேறு மிஸ்ஸிங் ஆரம்பித்து உங்களைக் குழப்பும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில், அதுவும் பழைய மரச்சட்டம் நிறைந்த கொட்டகைக்குள் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. ஊதுபத்திப் புகை விட்டுப் பார்க்கிறேன் என்று பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் நெருப்போடு போவதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன டியூப் வாங்குவது

கடையில் "வேக்கம் டியூப் கொடுங்க" என்று கேட்டால் கைக்கு வந்ததைத் தருவார்கள். அளவும் ரகமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிப்பிளின் வெளி அளவை வெர்னியரில் பாருங்கள். டியூபின் உள் அளவு அதைவிட அரை மில்லி முதல் ஒரு மில்லி வரை குறைவாக இருக்க வேண்டும். வெர்னியர் இல்லையென்றால் டிரில் பிட்டின் அடிப்பக்கத்தைப் பழைய டியூபின் நல்ல பாகத்தில் நுழைத்துப் பார்த்தால் உள் அளவு தெரிந்துவிடும். மெல்லிய டியூப்கள் பெரும்பாலும் 3 முதல் 4 மில்லி, பிசிவி ஓஸ் 8 மில்லிக்கு மேல், பூஸ்டர் ஓஸ் 10 மில்லிக்குக் குறையாது என்று வரும். ஆனாலும் அளந்துவிட்டே போங்கள். நிப்பிள் வாய்க்கு நிப்பிள் வாய் மாறும்.

ரகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிலிக்கான் டியூப் சூட்டைத் தாங்கும், வருஷக்கணக்கில் வளைந்துகொடுக்கும். ஆனால் பெட்ரோல் ஆவியையும் ஆயிலையும் தாங்காது, ஊறி உப்பும். அதனால் டெல்கோ, ஏசி டயாஃப்ரம் போன்ற உலர்ந்த வேலைக்குச் சிலிக்கான் போடலாம். பிசிவிக்குப் போடவே கூடாது, பெட்ரோல் லைனுக்குக் கேட்கவே வேண்டாம். பிசிவிக்கு ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஓஸ். பூஸ்டருக்கு பிரேக் பூஸ்டர் ஓஸ் என்றே கேட்டு, உள்ளே நூல் பின்னல் வைத்ததாக வாங்குங்கள். சாதாரணத் தண்ணீர் ஓஸ் அந்த இழுப்பில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் முழு ஓஸ், உள்ளே வழி இல்லை, பிரேக் கல் மாதிரி ஆகிவிடும்.

கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப், ஆஸ்பத்திரி டிரிப்ஸ் டியூப், சைக்கிள் வால்வு டியூப் இவை மூன்றையும் ஏதோ ஒரு பழைய வண்டியில் பார்த்திருக்கிறேன். மட்ட டியூபும் டிரிப்ஸ் டியூபும் எஞ்சின் சூட்டில் முதலில் இளகும், அப்புறம் கண்ணாடியாகும். சைக்கிள் வால்வு டியூப் நடுவழியில் மாட்டினால் வீடு வந்து சேர உதவும். வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள்.

சிவப்பு, நீலம் என்று கலர் சிலிக்கானும் கிடைக்கிறது. பழைய வண்டிக்குக் கருப்புதான் அழகு என்பது என் கட்சி. அடையாளம் வேண்டுமானால் முனையில் பெயின்டில் ஒரு பொட்டு வைத்தால் போதும்.

கழற்றுவது, மாட்டுவது

ஒரு டியூப் கழற்றினால் அதை மாற்றி மாட்டிவிட்டுத்தான் அடுத்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு அப்புறம் மாட்டலாம் என்று நினைத்தால் அன்றைய பொழுது எண் தேடுவதிலேயே போய்விடும்.

நிப்பிளைவிட்டுப் பழைய டியூபை இழுக்காதீர்கள். கார்புரேட்டரில் பித்தளை நிப்பிள் அடித்து இறக்கியதுதான், மரை கிடையாது. பலமாக இழுத்தால் டியூபோடு நிப்பிளும் வந்துவிடும், பிறகு அதை உட்கார வைப்பது பெரிய பாடு. முதலில் டியூபைப் பிடித்துத் திருகுங்கள். சுற்றினால் வரும், சுற்றாவிட்டால் பிளேடு. நீளவாக்கில் டியூபின் முனையிலிருந்து கீறுங்கள், ஆனால் பிளேடு நிப்பிளைத் தொடக்கூடாது. பித்தளையில் நீளவாக்கில் ஒரு கோடு விழுந்தாலும் அதுவே ஒரு நிரந்தர ஏர் லீக். நான் டியூபின் கனத்தில் முக்கால்வாசி மட்டும் கீறிவிட்டு மீதியை நகத்தால் பிளப்பேன். மரத்தில் பழைய வஜ்ரப் பசை எடுக்கிற கை பழக்கம் இங்கே உதவுகிறது. பிளாஸ்டிக் நிப்பிள் இன்னும் மோசம், வருஷத்தில் அது உப்பு பிஸ்கட் ஆகியிருக்கும். அங்கே பிளேடை நினைக்கவே வேண்டாம், டியூபின் மேல் வெந்நீர்த் துணியைச் சுற்றி இளக்கி எடுங்கள்.

டியூப் வந்ததும் நிப்பிளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மூடாமல் விட்ட நிப்பிளில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். கொட்டகையில் கிடந்த வண்டி என்றால் இது கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம். மண்ணை உள்ளே தள்ளினால் மேனிஃபோல்டு வழியாக சிலிண்டருக்குத்தான் போகும். வளைந்த கம்பியால் வெளிப்பக்கமாகச் சுரண்டி எடுத்து, கார்ப் கிளீனர் நனைத்த துணியால் துடையுங்கள். அடுத்த டியூப் மாட்டும் வரை வாயில் டேப் ஒட்டுங்கள்.

புது டியூப் நுழையவில்லை என்றால் முனையை வெந்நீரில் ஒரு நிமிஷம் வையுங்கள், இல்லையேல் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தள்ளுங்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில் வேண்டாம். டியூபை பிளேடால் நேராக வெட்டுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் முனை நசுங்கி ஒரு பக்கம் மட்டும்தான் பிடிக்கும். மெல்லிய டியூப் இறுக்கமாக உட்கார்ந்தால் கிளிப் தேவையில்லை. கேபிள் டை போட்டு இறுக்கினால் அது டியூபை ஒரே இடத்தில் அறுக்கும். பூஸ்டர் ஓஸுக்கும் பிசிவிக்கும் கட்டாயம் கிளிப்.

பூஸ்டர் லைனில் ஒன்வே வால்வு இருக்கும், பூஸ்டரிலேயே செருகியிருக்கும் அல்லது ஓஸின் நடுவில் இருக்கும். எஞ்சின் ஆஃப் ஆனாலும் ஒன்றிரண்டு முறை பிரேக் பிடிக்க வேக்கத்தைச் சேர்த்து வைப்பது அதுதான். அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். குறி தேய்ந்திருந்தால் வாயால் ஊதிப் பாருங்கள்: பூஸ்டர் பக்கத்திலிருந்து எஞ்சின் பக்கம் காற்று போகலாம், எதிர்ப்பக்கம் போகக்கூடாது. இந்த லைனிலிருந்து வேறு எதற்கும் டீ போடாதீர்கள். ஏசி டயாஃப்ரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று சோம்பல் பட்டு இங்கிருந்து இழுத்தால், அந்த மெல்லிய டியூப் ஒரு நாள் கழன்றபோது பிரேக் உதவியும் அதோடு போய்விடும்.

எந்த வழியாகக் கொண்டுபோவது

முதல் பகை சைலன்சர் மேனிஃபோல்டு. டியூபுக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல் இடமாவது வேண்டும். சித்திரை வெயிலில் பிள்ளையார்பட்டி ரோட்டில் டிராஃபிக்கில் நின்றுவிட்டு பானெட்டைத் திறந்து கை வைத்துப் பாருங்கள், எங்கே சூடு அதிகம் என்று உங்கள் கையே சொல்லும். இரண்டாவது, எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் உள் இருக்கைகளுக்கும் நடுவில் உள்ள தகடு) போகிற ஒவ்வொரு டியூபிலும் கொஞ்சம் தொய்வு விடுங்கள். அதற்காகத் தொங்கவும் விடக்கூடாது. நடுவில் பள்ளம் விழுந்தால் அங்கே பெட்ரோல் ஆவியும் ஆயிலும் தண்ணீராய்த் தேங்கும். டெல்கோ டியூபில் இது நடந்தால் டயாஃப்ரம் ரப்பர் ஊறிக் கிழியும். ஆகையால் டெல்கோவுக்குப் போகிற டியூப் கார்புரேட்டரிலிருந்து மேலே ஏறி அப்புறம் இறங்கட்டும்.

வளைவு கூர்மையாக வந்தால் மெல்லிய டியூப் மடிந்து அடைத்துக்கொள்ளும். கம்பெனி அந்த இடங்களில் வளைந்த இரும்புக் குழாய் வைத்திருப்பார்கள். துரு பிடித்திருந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள், தேய்த்து பெயின்ட் அடித்து, ஊதிப் பார்த்து அதையே வையுங்கள். ரப்பர் இரண்டு முனையிலும் மட்டும் வரட்டும். டீ, ஜாயின்ட் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் எலிக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். எட்டக்கூடிய டியூபுக்கெல்லாம் நெளிவு பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டேன். அதைக் கடிக்காது என்று இல்லை, கடித்தால் முதலில் உறை போகும், நமக்குத் தெரியும். பூட்டிய கொட்டகையில் பானெட்டைத் திறந்தே வைப்பது எனக்குப் பிடித்த வழி. இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் எலி கூடு கட்ட யோசிக்கும்.

சோதனை

டெல்கோ டப்பாவுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு 50 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். டெல்கோ மூடியைக் கழற்றி, டியூபில் சிரிஞ்சை மாட்டி இழுங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும். இழுத்தபடியே பிடித்து முப்பது எண்ணுங்கள். தட்டு திரும்பி வந்தால் டயாஃப்ரம் போச்சு, எவ்வளவு நல்ல டியூப் போட்டும் பயனில்லை. வாயால் உறிஞ்சிப் பார்க்கிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. பெட்ரோல் ருசி பிடித்தவர்கள் அதைத் தொடரலாம்.

டெல்கோ டியூப் சரியான நிப்பிளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அது த்ராட்டில் தட்டுக்கு மேலே இருக்கிற துளையிலிருந்து வரும்: ஐடிலிங்கில் விரல் வைத்தால் இழுப்பு இருக்காது, ஆக்சிலரேட்டரைத் தூக்கினால் இழுக்கும். அந்த வண்டியில் ஐடிலிங்கிலேயே இழுக்கிற நிப்பிளில் மாட்டினால் ஐடிலிங் ஏறும், டைமிங் கணக்கும் கெடும். டைமிங் லைட் வைத்துப் பார்க்கும்போது, உங்கள் வண்டி மேனுவல் அப்படிச் சொன்னால், இந்த டியூபைக் கழற்றி முனையை அடைத்துவிட்டுப் பாருங்கள்.

பூஸ்டருக்கு: எஞ்சின் ஆஃப், பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்கம் வருகிறது. பிறகு ஆஃப் செய்து சில நிமிஷம் விட்டு மிதியுங்கள். முதல் ஓரிரு மிதி மிருதுவாக இருந்தால் ஒன்வே வால்வும் சரி. பெடலை மிதிக்கும்போது கால் பக்கம் உஸ் என்று நீண்ட சத்தம் கேட்டால் பூஸ்டரின் உள் டயாஃப்ரம், அது டியூப் வேலை இல்லை, பிரேக் தெரிந்த ஆளிடம் போங்கள். இந்தச் சோதனை தேறாமல் ரோட்டில் இறங்காதீர்கள்.

கேஜ் வைத்துப் பார்க்கும்போது முள் 17க்கு மேல் அசையாமல் நின்றால், இப்போதுதான் கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்கு நேரம். எங்கள் பட்டறை பாய் சொல்வார், "தம்பி, ஏர் இழுக்கிற வண்டியில ஸ்க்ரூவைத் திருப்பினா, லீக்குக்குத்தான் டியூன் பண்றே." லீக்கோடு டியூன் பண்ணிய வண்டி லீக்கை அடைத்ததும் கலவை மாறிப் புகை தள்ளும். அதனால் டியூப் மாற்றிய பிறகு கலவை, ஐடிலிங் இரண்டையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். முள் தாழ்வாக, ஆனால் ஆடாமல் நின்றால் இன்னும் எங்கோ காற்று போகிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. ஒரே சீராகத் துடித்துத் துடித்து விழுந்தால் வால்வு பக்கம் சந்தேகம்.

எல்லாம் முடிந்ததும் குன்றக்குடி வரை ஒரு ஓட்டம் போய்விட்டு வாருங்கள். வந்ததும் எஞ்சின் ஆறிய பிறகு கிளிப்புகளை ஒரு முறை முடுக்குங்கள். புது ரப்பர் சூடு பட்டதும் கொஞ்சம் அமுங்கும். நீங்கள் வரைந்த படத்தைச் சுத்தமாகத் திரும்ப வரைந்து, லேமினேட் செய்து பானெட்டின் உட்புறம் ஒட்டுங்கள். மிஞ்சிய டியூபில் ஒவ்வொரு அளவிலும் ஒரு முழம், இரண்டு கிளிப், ஒரு பிளேடு டிக்கியில் இருக்கட்டும்.